பாசிமணி ஒன்று குறைகிறது

இதை எழுதத் துணிந்தமைக்காகப் படிப்பவர்கள் முதலில் என்னைப் பொறுத்தருள வேண்டும். கதை எழுதுவது என் பழக்கமன்று. பள்ளியில் கட்டுரைக்குப் பாராட்டு வாங்கியதோடு என் எழுத்து நின்றுவிட்டது. மேலும், இதில் வரும் வாரியத்தார் அனைவரும் என்னைவிட மிகப் படித்தவர்கள். ஒருவரும் கெட்டவரல்லர். கூட்டத்திற்கு ஒருநாளும் தாமதமாக வந்தவருமல்லர். அவர்களை நான் குறை சொல்வதாக எவருக்கேனும் தோன்றினால், அதை என் நடையின் குறையாகவே கொள்ளுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்.

கடைத்தெருவின் திருப்பத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவரை ஊரில் எல்லாரும் கண்ணாடிக்காரர் என்றே அழைத்தார்கள். பரம சாது. வாடிக்கையாளரின் மூக்கின்மேல் சோதனைச் சட்டத்தை வைத்து, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்குங்களா, இல்ல இதுவா?" என்று நாள் முழுதும் கேட்டுக்கொண்டிருப்பார். பதில் வரும்வரை காத்திருப்பார். அவசரப்படுத்துவது அவர் சுபாவத்திலேயே இல்லை.

கடையின் மற்ற பாதி அவர் மனைவியின் கையில் இருந்தது. சட்டம் தளர்ந்துபோன கண்ணாடிகளுக்குக் கடுகளவு திருகாணிகளை முடுக்கிக் கொடுப்பது அவர் வேலை. கை ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, வாய் இன்னொரு பக்கம் யாரையாவது வாரிக்கொண்டிருக்கும். ஒருநாள் அந்தக் கையிலிருந்து குட்டித் திருப்புளி நழுவி விழுந்தது. மறுநாளும் விழுந்தது. தசைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து, கடைசியில் மூச்சுவிடும் தசைகளும் ஓய்ந்துபோகும் அரிய நோய் அது என்று மருத்துவர் சொன்னார். ஓர் ஊசி மருந்து இருப்பதாகவும் சொன்னார். அது நோயைக் குணப்படுத்தாது. ஆனால் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்திலேயே நிறுத்திவைக்கக்கூடும். கடையையே விற்றாலும் சில மாதங்களுக்குமேல் வாங்க முடியாத விலை. அரசு தன் செலவில் கொடுத்தால்தான் உண்டு. கொடுக்கலாமா என்று தீர்மானிப்பதற்கு மருந்துப் பயன்மதிப்பீட்டு வாரியம் என்று ஒன்று இருந்தது.

"எப்ப வேணா ஒப்புதல் வரலாம். அதைக் குளிர்லதான் வைக்கணும். வீட்டுல பிரிட்ஜ் இருக்குல்ல?" என்று மருத்துவர் கேட்டார்.

அன்று மாலையே மனைவி குளிர்பெட்டியின் நடுத்தட்டைக் காலி செய்யவைத்தார்.

"பாலை எங்க வைக்கறது?" என்றார் கண்ணாடிக்காரர்.

"கதவுல வைங்க. நடுத்தட்டுல ஒரு எலுமிச்சம்பழம்கூட இருக்கக் கூடாது, சொல்லிட்டேன். நாளைக்கே மருந்து வந்து நின்னா, இருங்க இடம் பண்றேன்னு அதை வாசல்ல நிக்கவைக்கவா முடியும்?"

சில நாள் கழித்து வாரியத்தின் செயலர் அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். முடிவுகள் மக்களோடு கலந்து எடுக்கப்பட வேண்டும் என்று புதிய விதி வந்திருக்கிறதாம். ஆகவே, நோயாளர் தரப்புப் பிரதிநிதியாகக் கண்ணாடிக்காரர் குழுவில் அமர வேண்டும். அதற்காக அரைநாள் பயிற்சியும் கொடுத்தார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் ஒலிபெருக்கி வேலை செய்யும் என்பது அதில் முக்கால்வாசி.

"அடேயப்பா! பிரதிநிதியா?" என்று மனைவி படுக்கையில் இருந்தபடியே புருவத்தை உயர்த்தினார். "வீட்டுல ஒரு பல்பு மாத்தணும்னாகூட என்னைக் கேட்டுட்டுதான் மாத்துவீங்க. சரி, போய்ட்டு வாங்க. வாயத் தொறந்து பேசுங்க. தலையை மட்டும் ஆட்டிட்டு வந்துடாதீங்க."

முதற்கூட்டத்தைத் தலைவர் ஓர் உரையோடு தொடங்கிவைத்தார். வெண்ணிற மேசைவிரிப்பு, ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி.

"நம்ம வாரியம் இதுவரைக்கும் ஒரு தப்பான முடிவுகூட எடுத்ததில்லைன்னு பெருமையா சொல்லிக்கலாம்," என்றார் தலைவர். "ஏன்னா, உறுதியா தெரியாத வரைக்கும் நாம முடிவே எடுக்கறதில்ல. சில நாடுகள்ல அவசரப்பட்டு மருந்தைக் குடுத்துட்டாங்க. இப்ப அங்க நோயாளிங்க உயிரோட இருக்காங்க. ஆனா எதனால உயிரோட இருக்காங்கன்னு அவங்களால உறுதியா சொல்ல முடியல. அந்த நிலைமை நமக்கு வரக் கூடாது."

எல்லாரும் தலையசைத்தார்கள். கண்ணாடிக்காரரும், மனைவி சொன்னது நினைவுக்கு வருவதற்குள், அசைத்துவிட்டார்.

அடுத்து மாதிரி வல்லுநர் எழுந்தார். கணினிக்குள் ஒரு நோயாளிக் கூட்டத்தை உண்டாக்கி, அவர்களை மறுபடி மறுபடி வாழவும் சாகவும் வைத்துச் சராசரி எடுப்பது அவர் பணி. மிகவும் மென்மையான மனிதர். கணினியில் ஒருவர் இறக்கும்போதுகூடக் குரலைத் தாழ்த்திக்கொள்வார். திரையில் கொசுக்கூட்டம் போலப் புள்ளிகள் தோன்றின. நடுவே ஒரு சாய்கோடு ஓடியது.

"ஒவ்வொரு புள்ளியும் நடக்க வாய்ப்புள்ள ஒரு உலகம்," என்று அவர் விளக்கினார். "கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தா மருந்து அரசுக்குக் கட்டுப்படியாகும். அந்தப் பக்கம் விழுந்தா ஆகாது. இப்ப ரெண்டு பக்கமும் ஏறக்குறைய சமமா விழுந்திருக்கு. ரொம்ப அழகான நிச்சயமின்மை. நான் இவ்வளவு அழகா பார்த்ததே இல்ல."

கண்ணாடிக்காரர் பொத்தானை அழுத்தினார். பச்சை விளக்கு எரிவதை உறுதி செய்துகொண்டார்.

"ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க. இதுல என் வீட்டுக்காரம்மா எந்தப் புள்ளிங்க?"

"அவங்க எந்தப் புள்ளியும் இல்லைங்க," என்றார் வல்லுநர் கனிவோடு. "அவங்க சராசரி."

மேலும் ஆய்வு தேவை என்று தீர்மானமாயிற்று. ஆனால், அந்த ஆய்வு செய்யும் செலவுக்கு அதனால் கிடைக்கும் தெளிவு ஈடாகுமா என்ற ஐயம் எழுந்தது. அதை அறிய ஒரு முன்னாய்வும், அந்த முன்னாய்வை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்க ஒரு துணைக்குழுவும் அமைக்கப்பட்டன.

வீட்டில் அவர் எல்லாவற்றையும் விடாமல் ஒப்பித்தார்.

"சராசரியா?" என்று மனைவி சிரித்தார். சிரிப்பு இப்போது நடுவில் மூச்சுக்காக நின்று நின்று வந்தது. "பொண்ணு பார்க்க வந்தப்போ உங்க அம்மா சொன்னதும் அதேதானே."

துணைக்குழு கேட்டுக்கொண்டபடி, நோயாளர் தரப்பின் விருப்பத்தை அளவிட ஒரு நேர்காணல் நடந்தது. சன்னலில்லாத சிறிய அறையில் ஓர் இளம்பெண், இரண்டு வண்ண அட்டைகளோடு அமர்ந்திருந்தார்.

"உங்க மனைவி இப்ப இருக்கற நிலையிலயே பத்து வருஷம் வாழறாங்க. இது ஒரு வாழ்க்கை," என்று ஓர் அட்டையை வைத்தார். "முழு ஆரோக்கியமா ஆறே வருஷம் வாழறாங்க. இது இன்னொண்ணு. இது நல்லா இருக்குங்களா, இல்ல இதுவா?"

கண்ணாடிக்காரருக்கு ஒரு கணம் தம் கடையிலேயே, நாற்காலியின் தவறான பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

"ஆறு வருஷங்க."

"அதையே அஞ்சாக்கினா?"

"அஞ்சும் பரவாயில்லைங்க."

"நாலு?"

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அம்மா, இந்த நாலு வருஷத்த யாரு குடுப்பாங்க?"

"யாரும் குடுக்க மாட்டாங்க சார். இது சும்மா கற்பனைக்கு."

"அப்ப, நான் எதைச் சொன்னாலும் நடக்காதுங்களா?"

"நடக்காது. ஆனா உண்மையைச் சொல்லணும்."

அவர் இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். இறுதியில், "இந்த ஒரு வருஷம் கிடைச்சாலே போதும்ங்க. நோயோடயே இருக்கட்டும்," என்றார். அந்தப் பெண் அட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு விடை அவற்றில் இல்லை என்று வருத்தத்தோடு தெரிவித்தார்.

வீடு திரும்பியதும் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "என்னை எத்தனை வருஷத்துக்குப் பேசி முடிச்சீங்க?" அவர் அடுக்களைக்குள் போய்க் குளிர்பெட்டியைத் திறந்து, காலியாக இருந்த நடுத்தட்டைத் துடைத்துவிட்டு வந்தார்.

முன்னாய்வு முடிந்தது. ஆய்வு செய்வது பயனற்றது என்றும், ஆய்வு இல்லாமல் முடிவெடுப்பது ஆபத்தானது என்றும் அது கண்டறிந்திருந்தது. இந்த இக்கட்டைத் தீர்க்க வல்லுநர்களின் உள்மனத்தைக் கேட்பது என்று முடிவாயிற்று. அதற்கு உலகமெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட முறை ஒன்று உண்டாம். ஒவ்வொரு வல்லுநருக்கும் இருபது நீலப் பாசிமணிகளும், குழிகள் வெட்டிய ஒரு தட்டும் கொடுப்பார்கள். ஒரு குழிக்கு ஒரு வருடம். மருந்தில்லாமல் ஒரு நோயாளி எவ்வளவு காலம் வாழ்வார் என்று அவருக்குத் தோன்றுகிறதோ, அதற்கேற்ப மணிகளைக் குழிகளில் இட வேண்டும். ஒரு மணி என்பது அவர் நம்பிக்கையில் ஐந்து சதவீதம்.

"என்னைப் பத்தித்தானே பேசறாங்க? என்னையும் ஒரு தடவை பார்க்கட்டும்," என்று மனைவி பிடிவாதம் பிடித்தார். லாரி ஓட்டும் அவர் தம்பி, அன்று சரக்கு ஏற்றாமல், அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

கூட்ட அறையின் வாசலில் செயலர் அம்மையார் பதறிப்போய்த் தடுத்தார். தலைவரே எழுந்து வெளியே வந்தார்.

"அம்மா, நீங்க வந்ததுல எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா பாருங்க, உங்க சார்பா ஏற்கெனவே ஒரு பிரதிநிதி உள்ள இருக்கார். நீங்களும் வந்தா ஒரே நோயாளியை ரெண்டு தடவை எண்ணின மாதிரி ஆயிடும். இரட்டை எண்ணிக்கைங்கறது எங்க துறையில ரொம்பப் பெரிய பிழை."

"அப்ப அவரை வெளிய அனுப்புங்க. நான் போறேன்."

"அவர் பயிற்சி எடுத்தவர்மா."

"நானும் நல்லாப் பழகின நோயாளிதாங்க."

"அதுவும் இல்லாம, இந்த நோயை நேர்ல பார்த்துட்டா வல்லுநர்களோட மனசு ஒரு பக்கம் சாய்ஞ்சிடும். இதுவரைக்கும் யாருமே பார்த்ததில்ல. அந்தத் தூய்மையை நாம காப்பாத்தணும்."

"விடுக்கா," என்றார் தம்பி. "உள்ள ஏசி வேற. சளி பிடிச்சுக்கும்."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே வல்லுநர்கள் அமைதியாக மணிகளை இட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரருக்கு மணி கொடுக்கப்படவில்லை. அவருக்கு நோயாளியைத் தெரியும். திடீரென்று மூத்த வல்லுநர் ஒருவர் தும்மினார். தட்டு கவிழ்ந்து மணிகள் நாலாபக்கமும் சிதறின. கையில் மணியில்லாத ஒரே மனிதர் என்பதால் கண்ணாடிக்காரர்தாம் மேசைக்கடியில் தவழ்ந்து பொறுக்கினார். எத்தனை முறை எண்ணினாலும் பத்தொன்பதுதான் இருந்தது.

"ஐந்து சதவீத நம்பிக்கையைக் காணோம்," என்று தலைவர் குரல் தழுதழுக்க அறிவித்தார். "இந்த நிலையில கூட்டத்தைத் தொடர முடியாது."

கண்ணாடிக்காரர் தோல்வியோடு வெளியே வந்தார். மனைவியின் முகத்தில் பழைய குறும்பு மின்னிக்கொண்டிருந்தது.

"உள்ள என்னமோ தொலைஞ்சுபோச்சாமே, பிரதிநிதி?"

மணி கதவிடுக்கு வழியாக உருண்டு வந்து நாற்காலிச் சக்கரத்தில் முட்டி நின்றிருக்கிறது. தம்பி அதை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்து, மடங்காத விரல்களைத் தானே மடக்கிவிட்டிருந்தார். கண்ணாடிக்காரர் அதை வாங்கிக்கொண்டு, கல்யாணத்தன்றுகூட ஓடாத ஓட்டமாக உள்ளே ஓடினார்.

செயலர் அம்மையார் இரண்டடி பின்வாங்கினார். "இது எங்க இருந்துச்சு? நோயாளி கையிலயா? ஐயோ, சார், இதை நாங்க திருப்பி வாங்க முடியாது. நோயாளி தொட்ட மணி. அதுல ஒரு சார்பு ஏறியிருக்கும்."

"இருபது மணியும் ஒரே மாதிரிதானேம்மா இருக்கு?"

"பார்வைக்கு அப்படித்தான் தெரியும்."

தம்பி கதவருகே நின்று குரல் கொடுத்தார். "மேடம், கீழ பேன்சி ஸ்டோர்ல சரம் சரமா தொங்குது. ஓடிப்போய் வாங்கிட்டு வரட்டா?"

"நோயாளர் தரப்பிலேருந்து நாங்க அன்பளிப்பு வாங்கறதில்ல. இதுக்கு முறையா டெண்டர் விடணும். அதே நீலம், அதே எடை. நிறம் மாறினா அது வேற நம்பிக்கை ஆயிடும்."

மணி மறுபடி மனைவியின் கைக்கே வந்து சேர்ந்தது. திரும்பும் வழியில் அவர் தம் மூடிய கையையே பார்த்துக்கொண்டு வந்தார். "அஞ்சு சதவீதம் என்கிட்ட இருக்கு," என்றார். "பத்திரமா வச்சுக்கறேன்."

பாசிமணிக்கான டெண்டருக்கு முதலில் யாரும் விண்ணப்பிக்கவில்லை. ஒற்றை மணி விற்கும் நிறுவனம் எதுவும் இருக்கவில்லை. கெடு நீட்டிக்கப்பட்டது. பிறகு இரண்டு நிறுவனங்கள் அனுப்பிய மாதிரிகளில் எது சரியான நீலம் என்று கருத்து வேறுபாடு எழுந்து, நிறத்திற்கென்று ஒரு துணைக்குழு அமைந்தது. கண்ணாடிக்காரர் வாரந்தோறும் தொலைபேசியில் விசாரித்தார். ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

மனைவிக்குப் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. காலையில் கண் விழித்ததும் ஒரு கேள்வி மட்டும் தவறாமல் வரும். "நடுத்தட்டு... காலியாத்தானே இருக்கு?"

"காலியாத்தான் இருக்கு."

"எதையாவது... வச்சீங்க... கொன்னுடுவேன்."

ஒருநாள் காலை மனைவியின் கண்ணாடிச் சட்டம் தளர்ந்திருப்பதைக் கண்ணாடிக்காரர் கவனித்தார். கழற்றி எடுத்துக்கொண்டு, கட்டிலோரம் அமர்ந்து, குட்டித் திருப்புளியால் திருகாணியை முடுக்கினார். அது மனைவி செய்கிற வேலை. கண்ணாடிக்காரரின் விரல்களுக்குப் பழக்கமில்லை. நேரமாயிற்று. முடித்துவிட்டு, வில்லைகளைத் துடைத்து, கண்ணாடியை மனைவியின் முகத்தில் பக்குவமாக மாட்டிவிட்டு, "இப்ப தெளிவா தெரியுதா?" என்று கேட்டார்.

பதில் வரவில்லை. அவர் காத்திருந்தார். அவசரப்படுத்துவது அவர் சுபாவத்திலேயே இல்லை.

மைத்துனர் வந்து தோளைத் தொடும்வரை அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த கூட்டத்திற்கு அவர் போனார். பிரதிநிதி என்ற முறையில் தகவலை நேரில் தெரிவிப்பதுதான் மரியாதை என்று நினைத்தார். பொத்தானை அழுத்தினார், பச்சை விளக்கு எரிந்தது, சொன்னார்.

எல்லாரும் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். மௌனம் முடிந்ததும் மாதிரி வல்லுநர் தயக்கத்தோடு கேட்டார்: "மன்னிக்கணும். எந்த மாசங்க?"

கண்ணாடிக்காரர் சொன்னார். வல்லுநர் எதையோ தட்டினார். திரையில் புள்ளிக்கூட்டம் சிலிர்த்து அசைந்தது. பிறகு மந்தை திரும்புவது போல மொத்தமாகக் கோட்டின் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது.

"தலைவர் அவர்களே," என்றார் வல்லுநர், தழைந்த குரலில். "மருந்து இல்லாம எவ்வளவு காலம் தாங்குவாங்கங்கறதுதானே நம்ம பெரிய சந்தேகம்? அது தீர்ந்துடுச்சு."

முதலில் ஒருவர் கைதட்டினார். பிறகு அறை முழுதும் தட்டிற்று. தலைவர் எழுந்தார்.

"பாசிமணி வர்றதுக்கு முன்னாடியே நமக்கு விடை கிடைச்சிருக்கு. ஒரு குடும்பத்தோட ஒத்துழைப்பு இல்லாம இது நடந்திருக்காது. நாம மட்டும் அவசரப்பட்டு அன்னிக்கே மருந்தைக் குடுத்திருந்தா, இந்த உண்மை நமக்குக் கடைசி வரைக்கும் தெரியாமலே போயிருக்கும். மருந்துக்கு ஒப்புதல் வழங்கப்படுது."

அப்போதுதான் வல்லுநருக்கு ஒரு சங்கடம் தோன்றியது. அவருடைய மாதிரியில் எல்லாரும் ஆண்டின் நடுவில் மட்டுமே இறப்பார்கள். கணக்குக்கு அதுதான் வசதி. கண்ணாடிக்காரரின் மனைவியோ அதற்குச் சில மாதங்கள் முந்திவிட்டார்.

"மாதிரிப்படி ஆண்டு நடு வரைக்கும் அவங்க உயிரோடதான் இருக்காங்க," என்றார் வல்லுநர். "அதனால முதல் மருந்து அவங்க பேருக்குத்தான் போகும். இல்லன்னா மாதிரியை மாத்தணும். மாத்தினா முதல்லேருந்து எல்லாத்தையும் திரும்பச் செய்யணும். பட்டியல்ல இன்னும் சில பேர் காத்துட்டு இருக்காங்க."

தலைவர் கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினார். "விதிப்படி உங்க சம்மதம் வேணும். உங்க மனைவி ஆண்டு நடு வரைக்கும் உயிரோட இருக்கறதுல, உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்கா?"

கண்ணாடிக்காரர் பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிவதைப் பார்க்க அவரால் முடியவில்லை. எல்லாம் கலங்கித் தெரிந்தது.

"இல்லைங்க," என்றார். "எனக்கு ஆட்சேபணையே இல்லைங்க."

மறுவாரம் பனிப்பெட்டியோடு ஓர் ஊழியர் வாசலில் நின்றார். "அம்மா இருக்காங்களா சார்?"

"நான் அவங்க பிரதிநிதி," என்று சொல்லிக் கண்ணாடிக்காரர் பெட்டியை வாங்கிக்கொண்டார். உடனே வாரியத்தை அழைத்து, காத்திருக்கும் வேறு யாருக்காவது அதைக் கொடுத்துவிடும்படி கெஞ்சினார். வீட்டுக்குள் போய்வந்த மருந்து குளிரிலேயே இருந்தது என்பதற்கு உறுதியில்லை, ஆகவே திரும்பப் பெற வழியில்லை என்று செயலர் அம்மையார் வருந்தினார். கண்ணாடிக்காரர் அதைக் கொண்டுபோய் நடுத்தட்டில் வைத்தார். இடம் சரியாக இருந்தது.

ஆண்டின் நடுவில் ஒருநாள் தொலைபேசி ஒலித்தது.

"சார், இன்னியோட உங்க மனைவி மாதிரியிலயும் இறந்துட்டாங்க," என்றார் செயலர் அம்மையார். அவர் குரல் உண்மையாகவே கம்மியிருந்தது. "வாரியத்தோட ஆழ்ந்த அனுதாபங்கள்."

"நன்றிங்கம்மா," என்றார் கண்ணாடிக்காரர். பிறகு அந்தச் சாது மனிதர் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, முதல்முறை அழாததையும் சேர்த்து அழுதார்.

இழந்தவற்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். கண்ணாடிக்காரருக்கு மனைவி ஒருவர். லாரி ஓட்டுநருக்கு அக்கா ஒருவர். கடைக்கு, திருகாணி முடுக்கும் இரண்டு கைகள். சட்டம் தளர்ந்தவர்கள் இப்போது அடுத்த தெருவுக்குப் போகிறார்கள். வீட்டில் கேலி பேச ஆளில்லை. மருந்து ஒரு பெட்டி, தொடப்படாமலே கெடு கடந்துவிட்டது. பட்டியலில் காத்திருந்தவர்களில், நீலம் எது என்ற விவாதம் நடந்துகொண்டிருந்தபோதே, இன்னும் இருவர். அவர்களை எனக்குத் தெரியாது. வாரியம் தன் ஆண்டறிக்கையில் இழப்பு என்ற தலைப்பின்கீழ்க் காட்டியிருப்பது பாசிமணி ஒன்று, நீலம். அது குளிர்பெட்டியின் நடுத்தட்டில், மருந்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.